ஒரு பிடி மாசலா

1

டாக்கோ என்பது ஊரா, நோயா, தின்கிற பண்டமா என்று கேட்டு என் தங்கை பிலோமினா தங்கச்சிமடத்திலிருந்து எழுதியிருக்கிறாள். போன கடிதத்தில், "வருகிற ஆடியில் டாக்கோவுக்குப் பொடி இடிக்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு நான் அடுத்த சங்கதிக்குப் போய்விட்டேன். அதற்குத்தான் இந்தக் கலவரம்.

"அக்கா, டாக்கோ யாரு? அத்தானுக்கு ஏதும் ஒடம்புக்குச் சொகமில்லையா? பொடி இடிச்சுக் குடுக்குற அளவுக்கு என்னா வந்துருச்சு? ஒளிக்காம எழுது. இங்கன அம்மா சோறு எறங்காம கெடக்கு."

கடிதத்தில் ஏழு எழுத்துப்பிழைகள். ஏழுக்கும் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டுவிட்டுத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். கலியாணத்துக்கு முன்னால் மூன்று வருஷம் மூன்றாம் வகுப்புக்கு வாத்தியாரம்மாவாக இருந்தவள் நான். பிழையைக் கண்டால் கை சும்மா இருக்காது. இது நல்ல குணம்தான் என்று போன வருஷம் ஆடி மாதம் வரைக்கும் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை.

பிலோமினாவுக்கு எழுதுகிற பதிலை உங்களுக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். அத்தானுக்கு உடம்பு கல்லுப்போல இருக்கிறது. டாக்கோ தின்கிற பண்டம். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, தோல் போக அலசி, அரைத்து, உள்ளங்கையளவு வட்டமாகத் தட்டிச் சுட்ட ரொட்டி. அதை மடித்து நடுவில் கொத்துக்கறி வைத்துக் கையால் தின்பார்கள். ஆம், கையால். முள்ளும் கத்தியும் வைத்துத் தின்கிற தேசத்தில் எனக்கு முதலில் ஆறுதல் தந்தவர்கள் இந்த மெக்சிகோக்காரர்கள்தான். ரொட்டியை யார் வேண்டுமானாலும் சுடலாம். கறிக்குப் போடுகிற பொடியில்தான் ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் வித்தியாசம். அந்தப் பொடியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

2

நயா பைசா வந்த வருஷம் நான் இந்த நாட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் சவரிமுத்து மூன்று வருஷம் முந்தியே வந்துவிட்டார். வந்தார் என்பதைவிட இறக்கிவிடப்பட்டார் என்பது சரி. தனுஷ்கோடியில் கப்பலேறிக் கொழும்புக்குப் போய், அங்கே ஒரு சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலைக்குச் சேர்ந்தவர். கப்பல் டெக்ஸாஸ் கரைக்கு வந்தபோது குடல்வால் வீங்கிவிட்டது. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுக் கப்பல் தன் வழியே போய்விட்டது. எழுந்து நடமாடியதும் பக்கத்து இறால் துறையில் படகு எஞ்சின்களைப் பழுதுபார்க்கப் போனார். எந்த எஞ்சினும் அவர் கைக்குப் பணியும். இங்கேயே இருங்கள் என்று முதலாளி சொல்ல, பங்குச் சாமியார் காகிதங்களைப் பார்த்துக்கொள்ள, மூன்று வருஷம் கழித்து எனக்கும் அழைப்பு வந்தது. அவர் ஊரைவிட்டுக் கிளம்பும்போது நான் முழுகாமல் இருந்தேன். எங்கள் மகள் ரோசரி தன் அய்யாவை முதலில் பார்த்ததே மூன்று வயதில், இந்தத் துறைமுகத்தில்தான்.

வந்திறங்கிய அன்றைக்கே ஒரு படிவம் நீட்டினார்கள். பிறந்த ஊர்? தங்கச்சிமடம் என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எழுத்துக்கூட்டச் சொன்னார். கூட்டினேன். ஆங்கில எழுத்தில் மடமும் மேடமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முன்பாதியை மட்டும் எடுத்துப் பெயருக்குரிய கட்டத்தில் எழுதிவிட்டார். பின்பாதியை மரியாதை என்று நினைத்துக்கொண்டார். அன்றுமுதல் அந்த அலுவலகத்திலிருந்து வருகிற கடிதமெல்லாம் 'தங்கச்சி மேடம்' அவர்களுக்குத்தான். என் பெயர் அந்தோணியம்மாள் என்று இரண்டு தடவை நேரில் போய்ச் சொன்னேன். திருத்துவதற்கு ஒரு படிவம் உண்டு என்றார்கள். அதிலும் பிறந்த ஊர் கேட்டிருந்தது. நிரப்பிக் கொடுத்தேன். அடுத்த கடிதம் இரண்டு மேடம் போட்டு வந்தது.

மற்றபடி இந்த ஊர் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. மணல், உப்புக்காற்று, காயப்போட்ட வலை, இறால் வாடை. நம்மூரில் வேலிக்கென்று வளரவிடுகிறார்களே சீமைக்கருவேல், அதற்குப் பிறந்த வீடே இந்தப் பக்கம்தான். இங்கே அதை வெட்டிக் கறி சுடுகிறார்கள். அந்தப் புகையில் வெந்த கறிக்குத் தனி ருசி. நம்மூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லவேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன், சொல்லிவிட்டேன்.

3

இல்லாமல் தவித்தது மிளகாய்க்குத்தான். முதல் வருஷம் பிலோமினா முதுகுளத்தூர் ஆள் ஒருவரிடம் சொல்லி முண்டு மிளகாய் வாங்கி, துணிப்பையில் தைத்து அனுப்பினாள். பைமேல் தலைமையாசிரியரைக்கொண்டு 'முண்டு சில்லி' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். பார்சல் துறைமுக அலுவலகத்தில் மாட்டிக்கொண்டது.

அங்கிருந்த அதிகாரி மெக்சிகோ வம்சம். அவர்கள் பேசுகிற ஸ்பானிய மொழியில் 'முண்டோ' என்றால் உலகம். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உலக மிளகாயா?"

அன்றைக்கு எனக்கு அந்த மொழியில் தெரிந்தது மூன்றே சொல். ஆமாம், இல்லை, நன்றி. ஆமாம் என்றேன்.

அவருக்கு அது பிடித்திருந்தது. ஆனாலும் விடவில்லை. மிளகாய்க்குள் விதை இருக்கிறது, விதை என்றால் அது வேளாண்மை அலுவலகத்துச் சங்கதி, அங்கே எழுதிப்போட்டால் பதில் வர ஆறு மாதம் ஆகும், பொடியாக இருந்தால் உணவு, இப்போதே கொண்டுபோகலாம் என்று கூட வந்த சவரிமுத்துவிடம் விளக்கினார். நான் யோசிக்கவே இல்லை. எதிரே இருந்த காப்பிக்கடையில் கொட்டை அரைக்கிற கைமிஷின் இருந்தது. போய்க் கேட்டு வாங்கிவந்து, அவர் மேசையிலேயே வைத்து அரைக்க ஆரம்பித்தேன். கல்லுப்பு நாலு போட்டு வறுத்து அரைத்தால் நெடி அடங்கும். அலுவலகத்தில் அடுப்பு இல்லையே, நான் என்ன செய்ய? கால்வாசி அரைப்பதற்குள் ஆறு பேர் தும்மிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டே முத்திரையைக் குத்தினார்.

"இனிமே பொடியாவே அனுப்பச் சொல்லு புள்ள," என்றார் சவரிமுத்து, அவரும் தும்மிக்கொண்டே.

பிறகு அதற்கும் தேவை இருக்கவில்லை. மெக்சிகோக்காரர் கடையில் உருண்டையாக ஒரு காய்ந்த மிளகாய் கண்டேன். எடுத்துக் காதோரம் குலுக்கிப் பார்த்தேன். முண்டு மிளகாய் நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று நாம் குலுக்கிப் பார்ப்பதில்லையா, அதே சத்தம். அதற்கு இவர்கள் வைத்திருக்கிற பெயருக்கே சலங்கை என்றுதான் பொருளாம். கடை நடுவில் நின்று சிரித்தேன், அழவும் செய்தேன். அதன்பிறகு ஊரிலிருந்து வருவது மஞ்சள்பொடி மட்டும்தான்.

4

மிளகாயைக் கண்டுபிடித்துவிட்டேன். மகளைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைத்துக்கொண்டிருந்தேன்.

ரோசரி பள்ளியில் ஆங்கிலம் பேசுவாள், சிநேகிதிகளோடு ஸ்பானியம் பேசுவாள், மிச்சமிருக்கிற மூச்சில் எங்களோடு தமிழ் பேசுவாள். அவள் தமிழில் சொற்களுக்கு வால் தேய்ந்துகொண்டே வந்தது. பள்ளிக்கூடம் 'பள்ளி' ஆயிற்று, சரி. முருங்கைக்காய் 'முருங்கை' ஆயிற்று, அதுவும் போகட்டும். ஒருநாள், "அம்மா, மத்திக்கு என்ன?" என்றாள். மத்தி வாங்கவில்லை, இறால்தான் இருக்கிறது என்றேன். அவள் விழித்தாள். மத்தியானத்துக்கு என்ன சோறு என்று கேட்டிருக்கிறாள். அன்றுமுதல் வால் வெட்டிய சொல் எது வந்தாலும் நிறுத்தி, முழுசாகச் சொல்லவைத்த பிறகுதான் தட்டு வைப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சிலேட்டும் உண்டு. க-வுக்குக் கால் போட்டால் கா. கால் எங்கே விழ வேண்டும் என்பதில் அவளுக்கு எப்போதும் தகராறு.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று பள்ளியில் நடந்துகொண்டிருந்தது. ஒருநாள் அவள் சிநேகிதியின் தாய் என்னிடம், ஆற்றுக்கு அந்தப் பக்கம் உங்களுக்கு எந்த ஊர் என்று விசாரித்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்றால் மெக்சிகோ. எங்கள் நிறமும் அவர்கள் நிறமும் ஒன்று, கோயிலும் ஒன்று, ரோசரி என்ற பெயரும் அவர்களுக்குச் சொந்தப் பெயர்தான். ஆனாலும் யாரோ சொல்லாமல் இந்தக் கேள்வி வராது. வீட்டுக்கு வந்து பிடித்துக்கொண்டேன்.

"ஏடி, எந்த ஊருன்னு கேட்டா என்னா சொல்ற நீ?"

"அங்கனன்னு கை காமிப்பேன். பொய் சொல்லல. அவுகளா நெனச்சுக்கிட்டாக."

"தங்கச்சிமடம்னு சொன்னா வாயி நொந்துருமா?"

"சொன்னா சிரிக்கிறாகம்மா. ஒருத்தருக்கும் வாயில வரல. ஒனக்கு வர்ற கடுதாசிய எடுத்துப் பாரு, மேடம்னு இருக்கு. நானும் மேடமா?"

அடிக்கக் கை ஓங்கினேன், அடிக்கவில்லை. அவள் பொய் சொல்லவில்லைதான். அங்கன என்றால் எங்கன என்று யாரும் கேட்காதவரை அவளுக்குச் சௌகரியம். ஆனால் எனக்கு நெஞ்சு வலித்தது. பேச்சில் வால் போனால் திருத்திவிடலாம். ஊரையே வெட்டிவிட்டால் எந்தப் பென்சிலால் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

5

எங்கள் பங்குக்கோயில் சந்தியாகோவின் பெயரால் கட்டியது. முதல் ஞாயிறு பூசையில் சாமியார் அந்தப் பெயரைச் சொன்னதும் சவரிமுத்து என் முழங்கையை இடித்தார். "ஏ புள்ள, நம்ம சந்தியாகப்பருடி!" ஆமாம், அவரேதான். நம் தீவில் ஆடி மாதம் யாருக்குத் திருநாள் எடுக்கிறோமோ அவருக்குத்தான் இங்கேயும் அதே நாளில் திருநாள்.

திருநாளையொட்டிக் கோயில் முற்றத்தில் கடைகள் போட்டு, சமைத்து, ஊரே கூடித் தின்னும். அதற்கு இவர்கள் வைத்திருக்கிற பெயர் 'ஹமாய்க்கா'. எழுத்தில் பார்த்தால் ஜமைக்கா. முதல் வருஷம் கோயில் பலகையில் அதைப் படித்துவிட்டு, பங்கே திரண்டு அந்தத் தீவுக்குத் திருயாத்திரை போகிறது என்று நினைத்தேன். என் வீட்டுக் கப்பல்காரரோ அதற்கு எத்தனை நாள் பயணம் என்று கணக்கே சொன்னார்.

அந்தத் திருநாளில் டாக்கோக் கடை இருபது வருஷமாக எங்கள் பக்கத்து வீட்டு டோன்யா கூக்காவின் பொறுப்பு. டோன்யா என்றால் நம்மூர் அம்மா மாதிரி மரியாதைச் சொல். அறுபது வயது, கட்டையான உடம்பு, கட்டையான பேச்சு. பொடியை அவரே தன் கையால் அம்மியில் அரைப்பார். மூன்று கால் வைத்த சாய்ந்த அம்மி. அதில் என்னென்ன சேர்கிறது என்று அவருடைய நான்கு மருமகள்களுக்கும் தெரியாது.

போன வருஷம் திருநாளுக்கு ஒரு வாரம் முன்னால் கொல்லைப் படியில் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டு போட்டு, கட்டிலைவிட்டு இறங்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகள்கள் மின்சார மிஷினில் அரைக்கிறோம் என்றார்கள். பொடி சூடேறிச் செத்துப்போகும் என்று கிழவி மறுத்துவிட்டார். அம்மியில் உட்கார அவர்கள் யாருக்கும் இடுப்பு வளையாது. நான் என் கொல்லையில் கல்லில் துவையல் அரைப்பதை வேலிக்கு மேலாக ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அம்மியைத் தூக்கி என் வீட்டில் வைக்கச் சொல்லிவிட்டார்.

அதன் பாரம் எனக்குத் தெரிந்தது. இருபது வருஷத்துப் பெயர் அது. பொடி கெட்டால் அந்த அம்மாளின் திருநாள் கெட்டது, இந்தத் தெருவில் எனக்கிருந்த இடமும் போனது. ரோசரிக்கு வேறு பயம்.

"அம்மா, அவுக சொல்றத மட்டும் போடு. நம்ம வாசம் வேணாம். பள்ளிப் பிள்ளைக பூராவும் வரும்."

"எனக்குத் தெரியும் போடி," என்றேன்.

6

கூக்கா தன் ரகசியத்தை மொத்தமாகச் சொல்லவில்லை. ஒரு சாமான், ஒரு வேலை, அது முடிந்ததும் அடுத்தது. ரோசரிதான் தூது. வேலியில் ஒரு பலகை பெயர்ந்த இடம் வழியாக, திருநாளுக்கு முதல்நாள் காலையில் எட்டு தடவை போய்வந்தாள். முதல் ஏழு தடவையும் கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

சலங்கை மிளகாயும் நீள மிளகாயும் வந்தன. விதையை உதிர்த்துவிடச் சொன்னார்கள். விதையைப் போய் உதிர்ப்பதா! மனசு கேட்கவில்லை, ஆனாலும் உதிர்த்தேன். வறுக்கும்போது நாலு உப்புக்கல்லைப் போட்டேன். மருமகள்கள் இருமத் தயாராக மூக்கைப் பொத்திக்கொண்டு வேலியோரம் நின்றார்கள். நெடியே வரவில்லை. ஒருத்தி ஓடிப்போய் மாமியாரிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்த பொட்டலத்தோடு, இவளுக்குக் கை தெரியும் என்று கிழவி சொன்னதாகச் சேதி வந்தது. சீரகம் வந்தது. பூண்டைச் சுட்டு உரிக்கச் சொன்னார்கள். கற்பூரவள்ளி மாதிரி மணக்கிற ஒரு காய்ந்த இலை வந்தது. மிளகு கொஞ்சம், உப்பு. அரைத்துக்கொண்டே ரோசரிக்கு நம்மூர்த் திருநாளைப் பற்றிச் சொன்னேன்.

எங்கள் தெருவில் திருநாள் கறிக்கு ஒரே அண்டாதான். ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் தன் வீட்டு மசாலாவில் ஒரு பிடி எடுத்துவந்து போடுவாள். தெருவுக்குப் புதிதாக வாழவந்தவள் முதல் வருஷம் போடமாட்டாள், தள்ளி நின்று பார்ப்பாள். பிறகு ஒரு வருஷம் யாராவது மூத்தவள் கூப்பிட்டு, "நீயும் ஒரு பிடி போடு ஆத்தா," என்பாள். அன்றோடு அவள் தெருக்காரி. என் தாயை அப்படிக் கூப்பிட நான்கு வருஷம் ஆயிற்றாம். அதை அவர் எங்களிடம் நாற்பது தடவையாவது சொல்லியிருப்பார்.

எட்டாவது தடவை ரோசரி வெறுங்கையோடு வந்தாள்.

"இதான் கடைசி. ஒரு பிடி மாசா போடணுமாம். அது எல்லா வீட்டுலயும் இருக்குமாம், நம்ம வீட்டுல இருக்குறதையே போடச் சொன்னாக."

என் கை அம்மியில் நின்றுவிட்டது. ஆறு வருஷம் தள்ளி நின்று பார்த்தாயிற்று. இப்போது கூப்பிட்டுவிட்டார்கள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டேன். ஆனாலும் வாத்தியாரம்மா வாத்தியாரம்மாதான்.

"மாசா இல்லடி, மசாலா. வால வெட்டாத. சொல்லு."

"இல்லம்மா, மாசா..."

"சொல்லுன்னா சொல்லு. மசாலா."

அவள் என்னைப் பார்த்தாள். வெளியே சிநேகிதிகள் கூப்பிட்டார்கள். "மசாலா," என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.

நான் உள்ளே போய்த் தகரடப்பாவைத் திறந்தேன். மிளகாய், மல்லி, மிளகு, வெந்தயம், பிலோமினா அனுப்பிய மஞ்சள், எல்லாம் சேர்ந்த எங்கள் மீன்குழம்பு மசாலா. சின்னப் பிடி போட்டால் மரியாதை இல்லையென்று நிறைந்த பிடியாக எடுத்து, சிலுவை போட்டுக்கொண்டு, கூக்காவின் பொடியில் கலந்தேன்.

7

மாசா என்றால் அவர்கள் மொழியில் ரொட்டிக்கான சோளமாவு. அதை வறுத்து ஒரு பிடி போட்டால் கறிச்சாறு கெட்டிப்படும். எல்லா வீட்டிலும் இருக்கும்தான். இந்த ஊருக்கு வந்து ஆறு வருஷமான எனக்கு அந்தச் சொல் தெரியாது. நான் ரொட்டியைக் கடையில் வாங்குகிறவள்.

திருநாளன்று பூசை முடிந்ததும் டாக்கோக் கடை முன்னால் கூட்டம் நெருக்கியது. கறியை மருமகள்கள்தான் சமைத்தார்கள், நான் பொடியை அள்ளிக்கொடுத்தேன். கொதிக்க ஆரம்பித்ததும் எழுந்த வாசனையில் எனக்கு நம்மூர் அண்டா ஞாபகம் வந்தது. ரொட்டி எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்த ரோசரி மூக்கைச் சுருக்கினாள். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"அம்மா. நீ என்னாம்மா போட்ட?"

"நீ சொன்னததான் போட்டேன்."

"நான் மாசா சொன்னேன். மாவும்மா. மாவு!"

அவள் ரொட்டியைக் காட்டியபோதுதான் எனக்கு விளங்கியது. அதற்குள் முதல் பந்தி தின்ன ஆரம்பித்துவிட்டது. சாறு கெட்டிப்படவில்லை. மடித்த ரொட்டியின் அடிவழியாக ஒழுகி, மணிக்கட்டைத் தாண்டி, முழங்கை வரைக்கும் போயிற்று. எல்லாருடைய கையும் மஞ்சள். திருநாளுக்கென்று போட்டுவந்த வெள்ளைச் சட்டைகள் மஞ்சள். பங்குச் சாமியாரின் வெள்ளை அங்கியில் ஒரு பெரிய மஞ்சள் வட்டம். ஒருத்தி ஓடிப்போய்ச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவந்துபோகும் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியுமா? ரத்தம் என்று கத்தினாள். காரத்துக்கு மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய இரண்டாவது டாக்கோவுக்குக் கை நீட்டினார்கள். அதை அப்போது நான் கவனிக்கவில்லை. அவமானத்தில் எனக்குக் காது அடைத்திருந்தது.

டாக்டர் சொல்லையும் மீறி டோன்யா கூக்கா வந்துவிட்டார். மாவுக்கட்டுக் கையைத் தூளியில் தொங்கவிட்டுக்கொண்டு, இடது கையால் ஒரு டாக்கோ எடுத்துக் கடித்தார். மெல்லுவதை நிறுத்தினார். சாறு வழிந்து மாவுக்கட்டின்மேல் சொட்டியது. கூட்டம் அவர் பக்கம் திரும்பியது. அவர்கள் மொழி எனக்கு முக்கால்வாசி புரியும், பேசத்தான் வராது. ஆகையால் அவர் என்னைக் கேட்கவில்லை, ரோசரியைக் கேட்டார்.

"மாசா எங்கே? நான் சொன்னதை உன் அம்மாவிடம் நீ சொல்லவில்லையா?"

பள்ளிப் பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். உண்மையைச் சொன்னால் என் மகளுக்கு ஒரு வரி போதும். 'நான் சொன்னேன், அம்மாவுக்குத்தான் புரியவில்லை.' அதுதான் நடந்தது. அவள் அப்படிச் சொல்லியிருந்தால் நான் குறுக்கே ஒரு சொல் பேசியிருக்க மாட்டேன்.

ரோசரி கையைப் பாவாடையில் துடைத்தாள். பாவாடையும் மஞ்சளாயிற்று.

"சொன்னேன்," என்றாள். "அம்மா மசாலா போட்டாங்க. எங்க ஊர்ல திருநாள் அண்டாவுல ஒவ்வொரு வீடும் ஒரு பிடி போடும். இது எங்க வீட்டுப் பிடி."

"எந்த ஊர்ல? ஆத்துக்கு அந்தப் பக்கமா?" என்றார் கூக்கா.

"இல்ல. கடலுக்கு அந்தப் பக்கம். அங்கயும் சந்தியாகோதான்." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "தங்கச்சிமடம்."

முழுசாகச் சொன்னாள். ஓர் எழுத்துக்கூட வெட்டவில்லை. மூன்று வயதில் விட்டுவந்த ஊரை எங்க ஊர் என்றாள். யாரோ ஒரு பையன் சிரித்தான். அவள் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கூக்கா அந்தப் பெயரை வாயில் போட்டு மென்று பார்த்தார். "தங்... கச்சி... மேடம்?"

"மேடம் இல்ல. மடம். சொல்லுங்க, மடம்."

அது அப்படியே என் குரல். சொல்லவைக்காமல் விடமாட்டாள் என்று நிற்கிற அந்த நிலையும் என்னுடையதுதான்.

"மடம்," என்றார் கூக்கா, அடங்கிப்போய். பிறகு கையில் இருந்ததைத் தின்று முடித்தார். இன்னொன்று கேட்டு அதையும் தின்றார். கூட்டம் மறுபடி டாக்கோவுக்குக் கை நீட்டியது. போகும்போது என் பக்கம் திரும்பி, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"அடுத்த வருஷம் ரெண்டும் போடு. மாசாவும் போடு, அதையும் போடு."

மறுநாள் தெருவில் வீடு வீடாகப் போய், சோப்புப் போடாதீர்கள், நனைத்து வெயிலில் விரியுங்கள், மஞ்சள் தானாகப் போய்விடும் என்று சொன்னேன். ரோசரி கூடவந்து மொழிபெயர்த்தாள். சட்டைகள் இரண்டு நாளில் வெளுத்துவிட்டன. மாவுக்கட்டை மட்டும் வெயிலில் போட முடியாதே. அதை வெட்டி எடுக்கிற வரைக்கும் கிழவி அந்த மஞ்சளோடுதான் கோயிலுக்கு வந்தார்.

8

அந்த வாரம் ஒருநாள் நான் துறைமுகத்துக்குச் சோறு கொண்டுபோய்விட்டுத் திரும்பினால், அடுப்புக்கு மேலே இரண்டு தகரடப்பாக்கள் புதிதாக உட்கார்ந்திருந்தன. இனிமேல் குழப்பம் வேண்டாம் என்று ரோசரி காகிதத்தில் தமிழில் எழுதி ஒட்டியிருந்தாள். யாரும் சொல்லாமல் அவளாகத் தமிழில் எழுதியது அதுதான் முதல் தடவை. சோளமாவு டப்பாவில் 'மாசா'. சரியாக இருந்தது. மற்றதில் 'மாசலா'. கால் வழக்கம்போல இடம் மாறி விழுந்திருந்தது.

சிவப்புப் பென்சில் அலமாரியிலேயே இருந்தது. எடுத்துவிட்டேன். டப்பாவுக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

நாளை மறுநாள் திருநாள். அம்மி என் கொல்லைக்கு வந்துவிட்டது. கூக்காவின் கை கூடிவிட்டது, ஆனாலும் இந்த வருஷமும் நானே அரைக்கவேண்டுமாம். ஆகவே பிலோமினா, நீ கேட்டதற்குப் பதில். உருண்டை மிளகாயும் நீள மிளகாயும் விதை உதிர்த்து, உப்புக்கல் போட்டு வறுத்து எடு. சீரகம், மிளகு, சுட்ட பூண்டு, கற்பூரவள்ளியைக் காயவைத்து நொறுக்கினது, உப்பு. எல்லாம் அம்மியில்தான். கடைசியில் வறுத்த சோளமாவு ஒரு பிடி. அதற்கும் கடைசியில் ஒரு பிடி மாசலா.

அச்சுக் கோப்பவருக்கு ஒரு வார்த்தை. மேலே உள்ள சொல்லில் காலை இடம் மாற்றிவிடாதீர்கள். அது என் மகள் போட்டது.